கிளி, காடை, அஸ்கௌலேஸ்

கிளி போய்க் காடையின் குரலில் கத்துமா? கானுஸ் போய் ஓர் அஸ்கௌலேஸ் ஆக ஆசைப்படுவானா?

ரோமானியக் கவிஞர் மார்ஷியல் தம் பத்தாம் நூலின் மூன்றாம் பாடலில் பிரிஸ்குஸ் என்பவரிடம் கேட்கும் கேள்வி இது. யாரோ ஒருவன் மறைந்திருந்துகொண்டு, காது கூசும் வசைப்பாட்டுகளை எழுதி, அவையெல்லாம் மார்ஷியல் எழுதியவை என்று ஊரெங்கும் பரப்பிவிட்டான். 'என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்புவார்களா?' என்பதுதான் கவிஞரின் ஆதங்கம். அதைச் சொல்ல இரண்டு உவமைகளை எடுத்துக்கொள்கிறார். முதலாவது நமக்கு உடனே புரிந்துவிடும். பேசப் பழகிய கிளி ரோமில் மதிப்புக்குரிய பறவை. காடையின் குரலை யாரும் காசு கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது உவமையும் அதே தராசுதான். ஒரு தட்டில் கானுஸ் இருக்கிறார். அந்தக் காலத்தில் குழல் ஊதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் பெற்றவர். எதிர்த் தட்டில் பெயரே இல்லாத ஓர் ஆள், அஸ்கௌலேஸ். அதாவது பேக்பைப் ஊதுபவர். குடியரசு தின அணிவகுப்பில் நம் ராணுவ பேண்டுக்காரர்கள் ஒரு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊதிச் செல்வார்களே, அந்த வாத்தியத்தின் பழைய உறவை ஊதியவர்.

இது லத்தீன் பாடலில் வரும் சொல். ஆனால் பிறப்பால் கிரேக்கச் சொல். அகராதியில் இரண்டே வார்த்தையில் பொருள் எழுதி முடித்துவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு வாத்தியத்தின் இயக்கமும், அதை ஊதியவர்கள் மேல் விழுந்த இளக்காரமும் சேர்ந்தே கிடக்கின்றன.

சொல்லைப் பிரித்தால்

கிரேக்கத்தில் 'அஸ்கோஸ்' என்றால் தோற்பை. ஆட்டின் தோலை முடிந்த மட்டும் கிழிக்காமல் முழுசாக உரித்து, கால், கழுத்துப் பக்கத்துத் துளைகளைக் கட்டிவிட்டால் பை தயார். திராட்சை மதுவை அதில் ஊற்றி வைத்தார்கள், ஊர் விட்டு ஊர் சுமந்தார்கள். தமிழில் துருத்தி என்ற சொல் இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. கொல்லர் உலைக்குக் காற்றடிக்கும் தோற்கருவியும் துருத்திதான், தண்ணீர் அடைக்கும் தோற்பையும் துருத்திதான்.

ஹோமரின் ஒடிஸியில் இந்த அஸ்கோஸ் வருகிறது, அதுவும் காற்றோடு. காற்றுகளுக்கு அதிபதியான அயோலோஸ், ஒடிஸியஸின் கப்பல் தடையில்லாமல் ஊர் போய்ச் சேர வேண்டுமென்று, வேண்டாத காற்றுகளை எல்லாம் ஒரு மாட்டுத்தோல் பையில் அடைத்து வாயைக் கட்டிக் கொடுக்கிறான். கூட வந்தவர்கள் உள்ளே பொன்னும் வெள்ளியும் இருக்கிறதென்று நினைத்து அவிழ்த்துவிடுகிறார்கள், கப்பல் வந்த வழியே திரும்ப அடித்துக்கொண்டு போகிறது. தோற்பையில் காற்றை அடைப்பது என்ற எண்ணம் கிரேக்கர்களுக்கு எவ்வளவு பழையது என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்த பாதி 'ஔலோஸ்'. இங்கே ஒரு எச்சரிக்கை. பல மொழிபெயர்ப்புகளில் இதைப் புல்லாங்குழல் என்று போட்டுவிடுகிறார்கள். இது தவறு, சின்னத் தவறும் அல்ல. புல்லாங்குழலில் துளையின் விளிம்பில் மோதும் காற்றுதான் ஒலியாகிறது. ஔலோஸில் அதிர்வது நாணல் தட்டையில் செய்த வாய்முனை. நாகசுரத்துக்குச் சீவாளி எப்படியோ, ஔலோஸுக்கு அந்த முனை அப்படி. அதனால் அதன் குரலும் புல்லாங்குழல்போல மென்மையானது அல்ல. வெட்டவெளி நாடக அரங்கில் ஒரு கோஷ்டியின் பாட்டுக்கு ஈடுகொடுத்தது, போர்க்களத்தில் ஸ்பார்ட்டாவின் வீரர்களைத் தாளத்தோடு நடக்க வைத்தது. இன்னொன்று, பெரும்பாலும் இரண்டு குழல்களை இரண்டு கையில் பிடித்து ஒரே நேரத்தில் ஊதுவார்கள். கிரேக்கப் பானை ஓவியங்களில் இந்த இரட்டைக் குழலை நூற்றுக்கணக்கில் பார்க்கலாம்.

அஸ்கோஸ், ஔலோஸ் இரண்டும் சேர்ந்து, கடைசியில் ஆளைக் குறிக்கும் விகுதி ஏறினால் அஸ்கௌலேஸ். துருத்திக்குழல்காரர் என்று சொல்லலாம். உலகின் பல மொழிகள் இந்த வாத்தியத்துக்குப் பெயர் வைக்கும்போது இதே வழியில்தான் போயிருக்கின்றன. பேக் என்றால் பை, பைப் என்றால் குழல். ஜெர்மானியர்களின் 'டூடெல்சாக்' என்ற பெயரில் உள்ள 'சாக்' என்பதும் பைதான். பார்த்தவர் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பை.

இந்தச் சொல்லின் உறவினர்கள் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதை மருத்துவர்கள் அசைட்டிஸ் என்கிறார்களே, அது அஸ்கோஸிலிருந்து வந்தது, தோற்பைபோல வீங்கிய வயிறு. ஔலோஸின் வாரிசு இன்னும் ஆச்சரியமானது. பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த க்டெசிபியோஸ், தண்ணீரின் எடையால் காற்றின் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் ஒரு வாத்தியத்தைச் செய்தார். தண்ணீருக்குக் கிரேக்கத்தில் ஹூடோர், அதோடு ஔலோஸ் சேர்ந்து 'ஹைட்ரௌலிஸ்'. இன்றைய ஆர்கனின் மூதாதை அதுதான். டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் என்ற சொல் அந்தத் தண்ணீர்க் குழலிலிருந்து இறங்கி வந்தது. அதை வாசித்தவர் ஹைட்ரௌலேஸ், பாடற்குழுவுக்கு ஊதியவர் கோரௌலேஸ். நம் அஸ்கௌலேஸ் இந்த வரிசையில் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்.

மூச்சும் கன்னமும்

பை ஏன் தேவைப்பட்டது? இதுதான் இந்தச் சொல்லின் உயிர்நாடி என்று நினைக்கிறேன்.

சீவாளி வாத்தியம் ஊதுவது எவ்வளவு பாடு என்று தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவரைக் கவனியுங்கள். ஒரே சுருதி, இடைவெளியே இல்லை. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார். ஔலோஸ் ஊதியவர்களும் இப்படிக் கன்னத்தில் காற்றைத் தேக்கியவர்கள்தான் என்று ஓவியங்களைப் பார்த்தால் தோன்றும். உப்பும் கன்னங்களையும் உதடுகளையும் தாங்கிப் பிடிக்க 'ஃபோர்பையா' என்ற தோல்வாரை வாயைச் சுற்றித் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். குழல் நுழைய அதில் துளை உண்டு.

அந்த உப்பிய கன்னம் கிரேக்கர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கதை உண்டு. ஔலோஸை உண்டாக்கியவள் அதீனா தேவி. ஊதும்போது தன் முகம் கோணுவதைக் கண்டு வெறுத்து அதை வீசி எறிந்துவிட்டாள். மார்சியாஸ் என்ற வனத்துக்காரன் பொறுக்கி எடுத்து ஊதிப் பழகி, யாழ்த் தெய்வமான அப்போலோவையே போட்டிக்கு அழைத்தான். தோற்றான். அப்போலோ அவனை உயிரோடு தோலுரித்தான். சிற்பி மைரோன் அதீனாவையும் மார்சியாஸையும் சேர்த்துச் செய்த சிலைகள் பெயர் பெற்றவை. பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு ஔலோஸ் வேண்டாம் என்று அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலில் வாதிடும்போது இந்தக் கதையையும் எடுத்துச் சொல்கிறார். ஏதென்ஸின் அல்கிபியாடீஸ் சிறுவயதில் அதைக் கற்க மறுத்தான், முகத்தைக் கெடுக்கும், வாயை அடைத்துப் பேச்சையும் பறிக்கும் என்றான் என்று, பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார்.

பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்லும் ஒரு தகவலை நான் முதலில் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். இன்றைய துருக்கியில் உள்ள கெலைனாய் நகரத்துச் சந்தையில் மார்சியாஸின் தோல் தொங்கவிடப்பட்டிருந்ததாம். அந்தத் தோலுக்கு அவர் போடும் சொல் அஸ்கோஸ். ஔலோஸ் ஊதியவன் கடைசியில் ஓர் அஸ்கோஸ் ஆனான். அஸ்கௌலேஸ் என்ற சொல்லுக்கும் இந்தக் கதைக்கும் நேர் உறவு ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்தவருக்கு அப்புறம் பிரித்துப் பார்க்க வராது.

இப்போது பைக்கு வருவோம். சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, குழலை ஒரு தோற்பையின் வாயில் செருகுங்கள். பையின் இன்னொரு துளையில் ஓர் ஊதுகுழாய். அதன் உள்வாயில் ஒரு தோல் மடல், காற்றை உள்ளே விடும், திரும்பி வர விடாது. வாயால் ஊதிப் பையை நிரப்ப வேண்டும், கையிடுக்கால் பையை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் மூச்சு வாங்கினாலும் பை பாடிக்கொண்டிருக்கும். கன்னம் உப்ப வேண்டியதில்லை, தோல்வார் வேண்டாம். மூச்சை மூக்கால் திருப்பும் வித்தையைப் பல வருடம் பழகிப் பெற வேண்டியதும் இல்லை.

ஆனால் வாத்தியம் எதையும் சும்மா கொடுப்பதில்லை. சீவாளி வாய்க்குள் இருக்கும்போது உதடும் நாக்கும் ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுத் தடவி, வெட்டி, குழைத்துத் தரும். நாகசுரத்தில் கமகம் உயிரோடு வருவதில் உதட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. பை நடுவில் வந்ததும் அந்தத் தொடுகை போய்விட்டது. ஒலியை நிறுத்திப் பிடிக்க முடியாது, ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்க நடுவில் வேறொரு சுரத்தை மின்னலாகச் சொருக வேண்டும். சத்தத்தைக் கூட்டக் குறைக்கப் பையை மாற்றி மாற்றி அழுத்தினால் சுருதி ஆடும். அதனால் ஒரே கனத்தில், இடைவிடாமல், கூட்டத்தையும் ஆட்டத்தையும் தாண்டிக் கேட்கும்படி ஒலிக்கும். கானுஸை விரும்பிக் கேட்ட ரசிகருக்கு அது குறையாகப் பட்டிருக்கும். திருவிழாவில் ஆடுபவர்களுக்கு அதுவே தேவை. மார்ஷியலின் கேலிக்கு அடியில் இந்த வேறுபாடு இருக்கிறது என்பது என் கணிப்பு.

கக்கத்தால் ஊதிய பேரரசன்

இவ்வளவு தாழ்வாக வைக்கப்பட்ட வாத்தியத்தை ஒரு ரோமானியப் பேரரசனே எடுத்தான் என்று இரண்டு பழைய எழுத்தாளர்கள் சொல்கிறார்கள்.

நீரோவின் வாழ்க்கையை எழுதிய சுவேட்டோனியஸ், அவனுடைய கடைசிக் காலத்து நேர்த்திக்கடன் ஒன்றைக் குறிப்பிடுகிறார். பதவிக்கு ஆபத்தில்லாமல் தப்பினால், வெற்றி விழாவில் தண்ணீர் ஆர்கனும், பாடற்குழுவின் குழலும், தோற்பைக் குழலும் தானே வாசிப்பதாகப் பலர் அறிய வேண்டிக்கொண்டானாம். வேண்டுதல் பலிக்கவில்லை. பொ.ஆ. 68ஆம் ஆண்டு அவன் ஆட்சியும் உயிரும் போயின.

டியோ கிரிசோஸ்டம் என்ற கிரேக்கப் பேச்சாளர் பெயர் சொல்லாமல், 'நம் காலத்து அரசர்' ஒருவரைப் பற்றிப் பேசுகிறார். நீரோவைத்தான் சொல்கிறார் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்வது. அந்த அரசருக்கு ஓவியம் தெரியும், சிற்பம் தெரியும், ஔலோஸை வாயாலும் ஊதுவார், கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக் கக்கத்தாலும் ஊதுவார் என்று சொல்லிவிட்டு, அதீனாவுக்கு நேர்ந்த முக அலங்கோலத்திலிருந்து தப்பிக்கத்தான் அப்படி என்கிறார். பழைய அதீனா கதை இங்கே வந்து பையோடு சேர்ந்துகொள்கிறது. பையின் பயன் என்ன என்பதை அந்தக் காலத்து ஆளே சொன்ன வாக்குமூலமாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சுவேட்டோனியஸின் வரியில் கவனிக்க இன்னொன்று உண்டு. மூன்று வாத்தியக்காரர்களில் முதல் இருவருக்கும் அவர் கிரேக்கப் பெயரையே போடுகிறார், ஹைட்ரௌலேஸ், கோரௌலேஸ். மூன்றாமவருக்கு மட்டும் சொந்த லத்தீன் சொல்: 'உட்ரிகுலாரியுஸ்'. மார்ஷியல் போட்ட அஸ்கௌலேஸ் அங்கே இல்லை.

தோற்பைக்காரர்கள்

உட்ரிகுலாரியுஸ் என்ற சொல்லைத் தமிழர் சுலபமாகப் பிரித்துவிடலாம். 'உட்டர்' என்றால் தோற்பை. 'உட்ரிகுலுஸ்' சிறு தோற்பை. 'ஆரியுஸ்' என்ற விகுதி நம் 'காரர்' செய்யும் வேலையைச் செய்கிறது. பால்காரர், வண்டிக்காரர் மாதிரி, சிறுதோற்பைக்காரர். எந்தத் தோற்பை, அதை வைத்து என்ன செய்கிறார் என்பதைச் சொல் சொல்லாது.

அதனால் ஒரு குழப்பம் பிறந்தது. இன்றைய பிரான்சின் தென்பகுதியில், ஆர்ல், கவையோன் போன்ற ஊர்களில் உட்ரிகுலாரியுஸ்களின் சங்கங்கள் இருந்ததாகக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கவையோன் சங்கத்தின் வெண்கல வில்லை ஒன்றில் காற்றடைத்த தோற்பையின் உருவமே இருக்கிறது. படித்தவுடன் பேக்பைப் ஊதுபவர்களுக்கு இத்தனை சங்கங்களா என்று மனம் துள்ளும். ஆனால் இவர்கள் இசைக்காரர்கள் அல்லர் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. காற்றடைத்த தோல்களைக் கட்டி மிதவை விட்டவர்கள் என்று ஒரு சாராரும், தோற்பையில் மதுவும் எண்ணெயும் சுமந்து விற்றவர்கள் என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். அஸ்கௌலேஸ் என்றால் இந்தக் குழப்பம் வராது. குழல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த லத்தீன் தோற்பைக்கும் இன்று ஓர் உறவு உண்டு. சிறு சிறு பைகளால் நீர்ப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் தாவர இனத்துக்கு உட்ரிகுலாரியா என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பாறைகளில் அவற்றின் குட்டிப் பூக்களைப் பார்க்கலாம்.

சரி, கையில் லத்தீன் சொல் இருக்கும்போது மார்ஷியல் ஏன் கிரேக்கத்துக்குப் போனார்? யாப்பு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தப் பாடல் 'ஸ்காசோன்' யாப்பில் அமைந்தது. ஸ்காசோன் என்றால் நொண்டுவது. குறிலும் நெடிலும் மாறி மாறி ஓடிவரும் வரி, முடிவில் நெடிலுக்கு மேல் நெடிலாகத் தடுக்கி நிற்கும். நமக்கும் நொண்டிச் சிந்து என்று ஒரு யாப்பு உண்டு, இரண்டின் இலக்கணமும் வேறு. வரியின் கடைசியில் வந்து தடுக்கி நிற்க அஸ்-கௌ-லேஸ் என்ற மூன்று கனமான அசைகள் கச்சிதம். குறில்கள் நெருங்கிவரும் உட்ரிகுலாரியுஸ் அங்கே உட்காராது. இன்னொன்றும் தோன்றுகிறது. கானுஸின் கலை கிரேக்கக் கலை, அவரும் கிரேக்கர். அந்த உலகத்தின் படிக்கட்டில் அவருக்குக் கீழே நிற்பவரைக் காட்ட அந்த உலகத்துச் சொல்லே வேண்டும்.

கானுஸும் பெயரில்லாதவரும்

கானுஸைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும். ரோட்ஸ் தீவுக்காரர். நீரோவுக்குப் பின் வந்த பேரரசர் கால்பா ஒருமுறை விருந்தில் அவர் வாசித்ததைக் கேட்டு மகிழ்ந்து, தன் சொந்தப் பையிலிருந்து தன் கையாலேயே காசு எடுத்துக் கொடுத்தார். ஐந்து தெனாரியுஸ் என்கிறார் சுவேட்டோனியஸ். அன்றைய சாதாரணப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியுஸ், ஆக எட்டு நாள் கூலி. கால்பாவின் கஞ்சத்தனத்துக்கு உதாரணமாகத்தான் அவர் இதைச் சொல்கிறார். புளூட்டார்க்கின் கணக்கு வேறு, அவர் சில பொற்காசுகள் என்கிறார். அதே புளூட்டார்க் கானுஸின் ஒரு பேச்சையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்: நான் வாசிக்கும்போது எனக்குக் கிடைக்கும் இன்பம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்குத் தெரிந்தால், எனக்குக் கூலி கொடுக்காமல் என்னிடம் கூலி வாங்கிக்கொள்வார்கள்.

பாடலில் எதிர்த்தட்டில் நிற்பவரைப் பற்றி இப்படி ஒரு வரிகூட இல்லை. எந்தத் தெருவில் ஊதினார், யார் ஆடினார்கள், எவ்வளவு கிடைத்தது, ஒன்றும் கிடையாது. அவர் ஊதியதும் பாட்டு, அதைக் கேட்டு மகிழ்ந்தவர்களும் மனிதர்கள். மார்ஷியல்மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் இந்த வரியில் நான் அவர் பக்கம் இல்லை.

தென்னிந்தியாவிலும் இப்படி ஒரு தோல் வாத்தியம் உண்டு. தெலுங்கில் தித்தி, தமிழில் துருத்தி அல்லது துத்தி. ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்துச் சுருதி மட்டும் கொடுப்பது. பழைய சதிர்க் கச்சேரிகளில் முகவீணைக்கும் மத்தளத்துக்கும் பக்கத்தில் ஒருவர் கக்கத்தில் இதை இடுக்கிக்கொண்டு நிற்பார். அக்காலப் படங்களில் ஆடும் பெண்மணிக்குப் பின்னால் அவரைப் பார்க்கலாம். சுருதிப் பெட்டி வந்த பிறகு அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

கிரேக்கத்தில் அந்தப் பழைய கூட்டுச்சொல் இன்னும் சாகவில்லை. பேக்பைப் வகை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக 'அஸ்காவ்லோஸ்' என்று இன்றும் எழுதுகிறார்கள். ஊதுபவர்கள் வாயில் வேறு பெயர்கள். வடக்கே கைடா, ஏஜியன் தீவுகளில் சம்பூனா. கிரீட்டில் அஸ்கோமந்தூரா, அந்தப் பெயரில் அஸ்கோஸ் முழுசாகவே இருக்கிறது. சம்பூனாவுக்கு ஆட்டுத்தோலை உள்வெளியாகத் திருப்பி, உரோமம் பையின் உட்பக்கம் இருக்கும்படி கட்டுகிறார்கள். அதன் முன்பக்கம் ஒரே கட்டையில் பதித்த இரண்டு குழல்கள், பக்கத்தில் பக்கம். திருவிழா இரவில் ஊதுபவர் நடுவில் நிற்க, ஊரார் அவரைச் சுற்றிக் கைகோத்து ஆடுகிறார்கள்.